கட்டு அவிழ்க்கும் நேரம்: ஒரு முன்னாள் அரசு வக்கீல் ஆபீஸுக்குள்ளே!

உள்ளே விட்டுவிட்டார்கள்! அதுவும் சாயங்காலத்தில், கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டிய பிறகு. வக்கீல் ஆபீஸின் நிஜ முகத்தைப் பார்க்க அதுதான் நேரம் என்று அங்கே வேலை பார்க்கும் ஜூனியர் ஒருவர் ரொம்ப நாளாக ஆசை காட்டிக்கொண்டிருந்தார். ஒரே நிபந்தனை: யார் பேரும் வரக்கூடாது, எந்த ஊர் வழக்கு என்றும் எழுதக்கூடாது. தலையை ஆட்டியாயிற்று. வாருங்கள், நீங்களும் கூட வாருங்கள். சென்னை தம்புச்செட்டித் தெரு, இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது, படிக்கட்டின் பாதி வழியில் பல்பும் கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்; இந்தப் படிக்கட்டுக்குக் கதையில் பெரிய வேஷம் இருக்கிறது.

கதவைத் திறந்ததும் முதலில் வருவது பழைய காகித வாசனை, அடுத்து மசால் வடை வாசனை. நாற்காலி எது, மேஜை எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். எல்லாவற்றின் மேலும் கேஸ் கட்டுகள். ஜன்னல் திட்டில் கட்டு, ஃபிரிட்ஜ் மேல் கட்டு, வாஷ் பேசினுக்குக் கீழேகூட பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்த கட்டு. மேசை விசிறி ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பும்போதெல்லாம் நாலு ஜோடிக் கைகள் அனிச்சையாகக் காகிதங்களை அமுக்குகின்றன. பழைய காஸ் லிஸ்ட்டை, அதாவது வழக்குப் பட்டியலை, விரித்துத்தான் வடை வைத்திருக்கிறார்கள். கழுத்தில் கட்டும் வெள்ளை பேண்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. காலையில் அவசரத்தில் யார் கைக்கு எது வருகிறதோ அது அவருக்கு!

சீனியர் முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, ஈரத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். சென்னை வெயிலில் கறுப்புக் கோட்டு, அதன்மேல் கவுன். பகலெல்லாம் அதற்குள் வெந்த மனுஷர். பல வருஷம் அரசுத் தரப்பில் ஸ்பெஷல் கவர்ன்மென்ட் பிளீடராக இருந்தவர். ஆட்சி மாறினால் அரசு வக்கீல்களும் மொத்தமாக மாறுவது நம் ஊர் வழக்கம். அப்படி ஒரு மாற்றத்தில் வெளியே வந்தார். ஒரு காலத்தில் எந்தத் துறைகளுக்காக வாதாடினாரோ, இப்போது அதே துறைகளைப் பொதுநல மனு போட்டு இழுக்கிறார். ஃபீஸ் கிடையாது. டைப்பிங், ஜெராக்ஸ் செலவுகூடப் பல நேரம் அவர் பையிலிருந்துதான்.

"எதுக்கு சார் இந்த வம்பு?" என்றேன்.

"அந்தக் கோட்டைக்குள்ள பல வருஷம் காவல் இருந்தவன்மா நான். எந்தச் சுவர் இத்துப்போயிருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அறையில் சிரிப்பு. ஆனால் அந்தச் சிரிப்புக்கு ஒரு எல்லை உண்டு என்பது அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது. புது வழக்கு எது வந்தாலும் குமாஸ்தா முதலில் ஒரு நீளமான பழைய நோட்டைத்தான் எடுக்கிறார். சீனியர் அரசுப் பக்கம் நின்று நடத்திய வழக்குகளெல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு தரப்புக்காக மனு தயாரித்தவர், ஆலோசனை சொன்னவர், அதே விவகாரத்தில் எதிர்த் தரப்புக்குப் போகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நோட்டில் பேர் இருந்தால் அந்தக் கட்சிக்காரருக்குக் காபி கொடுத்து, வேறொரு வக்கீல் விலாசமும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நேற்று ஒரு பக்கம், இன்று மறு பக்கமா என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு படியேறியவள் நான். அந்த நோட்டைப் பார்த்தபிறகு முணுமுணுப்பு அடங்கியது.

அந்தக் குமாஸ்தாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆபீஸின் உண்மையான சீனியர் அவர்தான். கோர்ட் அலுவலகத்தின் எந்த செக்ஷனில் எந்தக் காரணத்துக்கு மனுவைத் திருப்பி அடிப்பார்கள், நோட்டீஸ் அனுப்பும் பேட்டா எப்போது கட்ட வேண்டும், எந்த நாளில் மழை வந்தால் ஜெராக்ஸ் கடை மூடிவிடும், எல்லாம் அவர் விரல் நுனியில். ஜூனியர்கள் சட்டம் படித்தவர்கள்; இவர் சட்டத்தைப் பார்த்தவர். "பக்க நம்பர் போடாம வெச்சிருக்கியே கண்ணு, ஜட்ஜ் ஐயா என்ன விரல் விட்டு எண்ணுவாரா?" என்று ஒரு ஜூனியரைக் கேட்கிறார். அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு பேனாவை எடுக்கிறார்.

இன்றைக்கு மேஜையில் இருக்கும் மனுவின் கதை இது. ஏதோ ஓர் ஊரில் ஓர் அரசு அலுவலகம். மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைக்கு மனுக் கொடுக்கிற மேஜையை அங்கே முதல் மாடியில் போட்டிருக்கிறார்கள்! கீழே வாசலில் சாய்தளம் என்று ஒன்று இருக்கிறது. படிக்கட்டு மூன்றடி உயரம். ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அதன்படி முப்பத்தாறடி நீளத்துக்குச் சாய்தளம் இருந்திருக்க வேண்டும். இருப்பது ஒன்பதடி. ஜூனியர் பையன் ஒருவன் மேஸ்திரியிடம் ரசமட்டமும் டேப்பும் கடன் வாங்கிக்கொண்டு போய், முட்டி போட்டு அளந்து, படம் எடுத்து வந்திருக்கிறான். படத்தைப் பாருங்கள்: சாய்தளத்தின் உச்சியில் குறுக்கே ஒரு பைக். சக்கர நாற்காலி அவ்வளவு தூரம் ஏறிவிட்டாலும் அந்த பைக்கிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். "யாரு பைக்னு கேட்டியா?" என்கிறார் சீனியர். "கேட்டேன் சார். செக்யூரிட்டி அண்ணனோடதாம். அவரே நகர்த்தி விட்டுட்டு, அளந்து முடிச்சதும் திரும்ப அங்கயே நிறுத்திட்டாரு."

இப்போதுதான் விருந்து. மாலை காபி வந்ததும் சீனியர் நாற்காலியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இனி அவர் அரசாங்கம்! ஜூனியர்கள் மனுதாரர் தரப்பு. பொதுநல மனு ஒவ்வொன்றுக்கும் தாக்கல் செய்வதற்கு முன் இந்தக் கூத்து நடக்குமாம்.

"மைலார்ட்," என்று தொண்டையைச் செருமுகிறார். குரலே மாறிவிட்டது. "மனுதாரர் சம்பந்தப்பட்ட அதிகாரியை அணுகவே இல்லை. நேராக நீதிமன்றத்துக்கு ஓடி வந்துவிட்டார்."

பையன் பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டைகளை மேஜையில் வைக்கிறான். மூன்று மனுக்கள், மூன்று அட்டைகள்.

"நிதி ஒதுக்கீடு அரசின் பரிசீலனையில் உள்ளது."

பெண் எழுந்திருக்கிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. விதிகள் 2017 ஜூன் 15-ல் வந்தன. பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய அன்றிலிருந்து ஐந்து வருஷம் அவகாசம். "கெடு 2022 ஜூன்லயே முடிஞ்சுபோச்சு மைலார்ட். இன்னும் எதைப் பரிசீலிக்கிறாங்க?"

"அந்த விதிகள் வெறும் வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை."

"அப்படி வழிகாட்டுதலா மட்டும் விட்டது சட்டத்துக்கே விரோதம்னு உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்குல 2024 நவம்பர்ல சொல்லிருச்சு மைலார்ட். கட்டாய விதிகள் கொண்டுவாங்கன்னு மத்திய அரசுக்கு மூணு மாசம் டைம் குடுத்தாங்க."

சீனியர் அசரவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குகிறார். "ஒரு கேள்வி, மைலார்ட். மனுதாரருடைய வழக்கறிஞர் ஆபீஸ் எந்த மாடியில் இருக்கிறது? அங்கே சாய்தளம் உண்டா?"

அறை கப்சிப். நான் ஏறி வந்த அந்த இருட்டுப் படிக்கட்டு! பையன் பெண்ணைப் பார்க்கிறான், பெண் குமாஸ்தாவைப் பார்க்கிறார். கடைசியில் அந்தப் பெண்தான், "அது அடுத்த மனு, மைலார்ட்" என்கிறார். வடைத் தட்டு குலுங்கும் அளவுக்குச் சிரிப்பு.

சிரித்து முடித்ததும் சீனியர் தம் பக்கத்துக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு வருகிறார். "'பரிசீலனையில் உள்ளது.' இந்த வரியை என் கையால எத்தனை கவுண்டர்ல, அதான் பதில் மனுவுல, எழுதியிருக்கேன் தெரியுமா? துறையிலேர்ந்து ஃபைல் வராது. நாளைக்குக் கேஸ். என்னத்த எழுதறது? இதைத்தான் எழுதணும்." வருத்தமா, பெருமையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு குரல். எனக்கு அப்போது பட்டது இதுதான்: அரசுக்கு எதிராகப் பேச யாராலும் முடியும். அரசு என்ன சொல்லித் தப்பிக்கும் என்பதை அது சொல்வதற்கு முன்பே எழுதிவைக்க, ஒரு காலத்தில் அதை எழுதிக்கொடுத்த கைதான் வேண்டும்.

கீழேயிருந்து போன். மனுதாரர் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர், சக்கர நாற்காலிக்காரர். மேலே வர வழியில்லை. அதனால் ஆபீஸே கீழே இறங்குகிறது! சீனியர், இரண்டு ஜூனியர், குமாஸ்தா, ஸ்டாம்ப் பேட், முத்திரை, டார்ச் லைட், பின்னாலேயே நான். டீக்கடை ஓரம் நிற்கும் ஆட்டோவுக்குள் ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார், வெள்ளை வேட்டி, பையில் பேனா. ஆட்டோக்காரர் தம் போனில் டார்ச் அடிக்கிறார். பையன் பிரமாணப் பத்திரத்தை வரி வரியாகப் படித்துக் காட்டுகிறான். ஆண்டு வருமானம் இவ்வளவு; சொந்தச் செலவில் தாக்கல் செய்கிறேன்; இதே விஷயத்துக்கு வேறு வழக்கு இருப்பதாக எனக்குத் தெரியாது; உள்நோக்கம் இருப்பதாக நீதிமன்றம் கண்டால் செலவுத்தொகை கட்டச் சம்மதம்; இதில் எனக்குச் சொந்த நலன் ஏதும் இல்லை...

"நிறுத்துப்பா," என்கிறார் ஆசிரியர். "சொந்த நலன் இல்லையா? நான் அந்த மாடிக்கு ஏறணும்னுதானே கேஸே போடறேன்! பொய்க் கையெழுத்து நான் போடமாட்டேன்."

சீனியர் ஆட்டோ கம்பியைப் பிடித்துக் குனிகிறார். "வாத்தியாரே, உங்களுக்கு மட்டும் ஒரு தனி வழி கேட்கறீங்களா?"

"எனக்கு மட்டும் எதுக்குய்யா? அங்க வர்ற அத்தனை பேருக்கும்."

"அதையே எழுதிடறோம்." டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவால் அந்த வரியை அடித்து, மேலே எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வாங்குகிறார்கள். 'என்னைப் போலவே அந்த அலுவலகத்துக்கு வரும் மற்ற எல்லாருடைய நலனுக்காகவும்.' ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஒரு ஒற்றெழுத்தும் திருத்தினார்!

இவ்வளவு உறுதிமொழி எதற்கு என்று மேலே வந்ததும் கேட்டேன். அதற்கும் ஒரு கதை உண்டு. அப்போது உத்தராஞ்சல் எனப்பட்ட மாநிலத்தில் அட்வகேட் ஜெனரலாக, அதாவது தலைமை அரசு வக்கீலாக, ஒருவரை நியமித்ததை எதிர்த்து, அவருக்கு 62 வயது தாண்டிவிட்டது என்று ஒரு பொதுநல வழக்குப் போட்டார்கள். அரசியல் சாசனத்தில் அந்தப் பதவிக்கு அப்படி வயது வரம்பே இல்லை. 2010-ல் உச்ச நீதிமன்றம் வழக்குப் போட்டவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்து, இனி எல்லா உயர் நீதிமன்றங்களும் பொதுநல வழக்குக்கென்று தனி விதி வகுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. பேப்பரில் பேர் வரவேண்டும் என்பதற்காகவே மனு போடுகிறவர்கள் இன்றும் குறைவில்லை. அதனால் இந்த வடிகட்டி தேவைதான் என்பது என் கட்சி. அரசு வக்கீல் பதவியைப் பற்றிய ஒரு வீண் வழக்கு, முன்னாள் அரசு வக்கீல் போடும் நல்ல வழக்குக்கும் சேர்த்துக் கடிவாளம் போட்டுவிட்டது என்பது சீனியரின் குறும்பு.

ராத்திரி ஆக ஆக வம்பு வளர்கிறது. சுவரில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் ஃபாலி நாரிமன். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்ததும் அடிஷனல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியைத் தூக்கிப் போட்டவர். பின்னாளில் நீதிபதிகள் நியமன வழக்கில் வக்கீல்கள் சங்கத்துக்காக வாதாடி 1993-ல் ஜெயித்தார். ஜெயித்த அந்த வழக்கில் தோற்றிருக்கலாம் என்று தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்! "அந்த நேர்மைக்குத்தான் படம்," என்கிறார் சீனியர்.

முகுல் ரோத்தகி கதையைச் சொல்லும்போது மனுஷருக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு. 2015-ல் ஆதார் வழக்கு. அட்டர்னி ஜெனரல் ரோத்தகி எழுந்து, அந்தரங்க உரிமை என்பது அடிப்படை உரிமையே அல்ல என்றார். அந்தக் கேள்வி வளர்ந்து ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்குப் போயிற்று. அங்கே உரிமை உண்டு என்று வாதாடியவர்களில் கோபால் சுப்பிரமணியம், சோலி சொராப்ஜி இரண்டு பேருமே முன்னாள் அரசு வக்கீல்கள்! 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒருமித்து, அது அடிப்படை உரிமைதான் என்றார்கள். அடுத்த வருஷம் ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-வது பிரிவை எதிர்த்த வழக்கு. மனுதாரர்களுக்காக எழுந்தவர் யார்? பதவியிலிருந்து இறங்கியிருந்த ரோத்தகி! 2018 செப்டம்பர் 6-ல் வந்த வெற்றித் தீர்ப்பு பெருமளவு சாய்ந்து நிற்பது அந்த அந்தரங்க உரிமைத் தீர்ப்பின் மேல்தான். இவையெல்லாம் இந்த ஆபீஸ் போடுகிற மாதிரி மனுக்கள் அல்ல. பெரிய இடத்து விவகாரங்கள். ஆனால் இடம் மாறி உட்கார்ந்தால் சட்டம் எப்படித் தெரியும் என்பதற்கு இதைவிட ருசியான கதை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் செக்ஷன். குமாஸ்தாவின் சாம்ராஜ்யம். மனுவுக்கு முதலில் எஸ்.ஆர். நம்பர் என்கிற தற்காலிக எண், சரிபார்த்த பிறகுதான் வழக்கு நம்பர். "நம்பர் ஆயிடுச்சா?" என்பதுதான் உயர் நீதிமன்ற வளாகத்தின் காலை வணக்கம். நம் மனு முதல் தடவையில் 'ரிட்டர்ன்'. காரணம், ஓர் இணைப்பின் நகல் மங்கலாக இருக்கிறதாம். அந்த பைக் படம்! கலரில் எடுத்து மறுபடியும் கொடுத்தார்கள். நம்பர் ஆயிற்று. குமாஸ்தா எதுவுமே நடக்காதது போல வெற்றிலையை மடித்தார்.

மனு பட்டியலில் வந்த நாளன்று கோர்ட். 1892-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தின் கோபுரத்தில் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது தெரியுமா? அண்ணாந்து பார்க்க நேரமில்லை. ஜூனியர்கள் ஓடுகிறார்கள், நாமும் ஓடுகிறோம். தலைமை நீதிபதி அமர்வு. வராந்தாவில் பையனுக்கு பேண்டு அவிழ்ந்துவிட, அந்தப் பெண் தம் சேஃப்டி பின்னைக் கழற்றிக் குத்திவிடுகிறார். வாசலில் இன்றைய அரசு வக்கீல் நிற்கிறார். அவர் ஒரு காலத்தில் நம் சீனியரிடம் தொழில் கற்றவராம். காதோரம் வந்து, "கவுண்டரையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்களேன் சார், உங்களுக்குத்தான் கை பழக்கம்," என்கிறார். சீனியர் தோளைத் தட்டி, "ஏற்கெனவே எழுதியாச்சுப்பா. என் ஆபீஸ்ல இருக்கு," என்றார். அவருக்கு அது ஜோக். நமக்கு அது உண்மை என்று தெரியும்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். அத்தனை காபிக்கும் அளவெடுப்புக்கும் கிடைத்த நேரம் சில நிமிஷங்கள். சீனியர் சட்டப்பிரிவு எதையும் முதலில் சொல்லவில்லை. பக்க எண்ணைச் சொல்லி, அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னார். அமர்வு பார்த்தது. "இந்த பைக் யாருடையது?" என்று கேள்வி வந்தது. கோர்ட்டில் மெல்லிய சிரிப்பு. அரசுத் தரப்பு நோட்டீஸ் பெற்றுக்கொண்டு, நிதி ஒதுக்கீடு பரிசீலனையில்... என்று ஆரம்பிக்க, நம் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பதில் மனுவுக்கு நான்கு வாரம். அடுத்த வழக்கு.

அவ்வளவுதான் நடந்தது. தீர்ப்பு வரவில்லை, சாய்தளமும் இன்னும் நீளவில்லை. இதில் பாதியை நீங்களும் பார்க்கலாம் என்பதைச் சொல்லாமல் விட மனசில்லை. அதற்கும் ஒரு முன்னாள் அரசு வக்கீலுக்குக் கொஞ்சம் நன்றி சொல்ல வேண்டும். நாட்டின் முதல் பெண் அடிஷனல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங், ஒரு சட்ட மாணவர், இன்னும் சிலர் தொடுத்த வழக்குகளில்தான் 2018 செப்டம்பரில் விசாரணைகளின் நேரலைக்கு உச்ச நீதிமன்றம் சம்மதித்தது. 2022 செப்டம்பர் 27 முதல் அதன் அரசியல் சாசன அமர்வுகளை வீட்டிலிருந்தே பார்க்கிறோம். ஆனால் சேஃப்டி பின்னும் வராந்தா வம்பும் திரையில் வராது. உயர் நீதிமன்றத்துக்கே ஒரு நாள் போய்வாருங்கள். அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், போனை அணைத்துவிடுங்கள்; பத்தரைக்கு முன்னால் போனால் பின்வரிசையில் உட்கார இடம் கிடைக்கும்.